கண்ணாடிக்கு வெளியே பனி

இடது கையால் பிடித்துவிட்டேன். வலது கை பக்கத்தில் சும்மாதான் இருந்தது. ஆனால் எண்பத்தாறு வயது மனிதர் நாற்காலியோடு சரியும்போது எந்தக் கை என்று யோசிக்கவா முடியும்? ஹென்ரிக்கின் பின்மண்டை தரையில் மோத ஒரு சாண் இருக்கும்போது என் இடது கை அவர் கழுத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. போன வேகத்தில் வலது முழங்கை ஜன்னலில் இடித்தது. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த பனி அணைந்துபோனது.

விளக்கு அணைகிற மாதிரி அணைந்தது. அந்த இடத்தில் வெயில் இருந்தது. வெயிலில் நாலு பனைமரம். அவற்றுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மேல் நீல நிறத்தில் ஒரு மீன். மீனின் கண் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. போன மாதம் ஏணியில் நின்று அந்தக் கண்ணை வரைந்தது நான்தான்.

இப்போது ராத்திரி ஒன்றே முக்கால். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

நான் ஐரோப்பாவுக்குப் போனதில்லை. ஹென்ரிக் விழுந்தபோது நான் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில், எங்கள் வீட்டுப் பின்னறையில், அம்மாவின் கையுறைகளையும் படம் காட்டும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரைப் பிடித்தது அவர் அறையில் இருக்கும் தூரக்கை. சக்கரத்தில் நகரும் ஒரு கம்பம், அதன் உச்சியில் இரண்டு கண், பக்கவாட்டில் இரண்டு ரப்பர் கை. இங்கே விரலை மடக்கினால் அங்கே மடங்கும். எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் இந்தக் கையுறை இருக்கிறது. மத்தியானம் சோறு வடித்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, அம்மாக்கள் ஐரோப்பாவுக்குப் போவார்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்து மாடியில் காயும் துணிகளை எடுப்பார்கள்.

நான் பிறப்பதற்கு முன்பே வடக்குக் கடலில் வெப்ப நீரோட்டம் நின்றுபோனதாம். அப்போதிருந்து ஐரோப்பாவில் வெளியே மைனஸ் முப்பது. யாரும் தெருவில் நடப்பதில்லை. வயசானவர்கள் நிறைய, பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. வெளிநாட்டு ஆட்களை உள்ளே விட அங்கே ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மனசில்லை. அதனால் இரண்டு பக்கத்து அரசாங்கமும் பேசிக் கைப்பெயர்வு உடன்படிக்கை போட்டன. ஆள் வர வேண்டாம், கை மட்டும் வந்தால் போதும். இங்கிருந்து கை போகும், அங்கிருந்து மருந்தும் ரயில் எஞ்சினும் வரும். அம்மாவுக்கு இருப்பது கை விசா. அப்பா பழைய காலத்து ஆள். உடம்போடு கத்தாருக்குப் போய், சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தவர்.

நம் நல்லெண்ணத் துறை அந்த உடன்படிக்கையில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. கை விசாக்காரர்கள் தினமும் பதினைந்து நிமிடம் நம் பண்பாட்டைக் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் கிழவர்களுக்கு நம்மைப் பிடித்துப்போனால் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடித்தால் சுங்கவரி குறையும் என்று யாரோ கணித்திருக்கிறார்கள். துறை அனுப்பிய பட்டியலில் யோகாவும் கோலமும் இருந்தன. ஹென்ரிக்கால் குனிய முடியாது. அம்மா பல்லாங்குழி ஆடினாள். நாலு வருடம் எட்டு மாதமாக ஆடுகிறார்கள். அவர் புளியங்கொட்டைகளை மடியில் ஒளித்து வைப்பார், அம்மா பார்க்காத மாதிரி இருப்பாள்.

இன்னும் நாலு மாதம் ஓடினால் ஐந்து வருடம். ஒரு நாள்கூட விடாமல் ஐந்து வருடம் முடித்தவரின் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடல் விசா கிடைக்கும். உடம்போடு போகலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். எங்கள் வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான்.

இன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். வழக்கமாகக் கூட்டிப்போகும் சித்தப்பா கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா போனால் ஒரு நாள் விடுப்பு விழும், ஐந்து வருடமும் முதலில் இருந்து தொடங்கும். வாசலில் ஆட்டோ நிற்கும்போதே அம்மா என் விரல்களைக் கையுறைக்குள் திணித்தாள்.

“ஏட்டி பெனிட்டா, ஆறு மணி வரைக்குந்தான். வாயத் தொறக்காத. மாத்திர குடு, பல்லாங்குழி ஆடு, படுக்க வை. எல்லாம் வலது கையில. பீச்சாங்கைய மடிய விட்டு எடுக்கக் கூடாது.”

கையுறை ஆளைப் பார்க்காது, அசைவைப் பார்க்கும். கொடுக்கிற விதம், வாங்குகிற விதம், தூக்குகிற விதம் எல்லாம் சேர்ந்ததுதான் அசைவு ரேகை. நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எழுதுவது, வரைவது, பந்து எறிவது எல்லாம் அந்தக் கைதான். ஆனால் ஒருவருக்கு ஒரு பொருளை இடது கையால் நீட்டினால் அம்மா மணிக்கட்டிலேயே அடிப்பாள். கோயிலில் காணிக்கைப் பை வரும்போது கையைப் பிடித்து மாற்றுவாள். பத்து வருடம் அடித்து அடித்து, கொடுப்பதிலும் வாங்குவதிலும் என் வலது கையை அவளுடைய கையாகவே ஆக்கிவிட்டாள். அந்த தைரியத்தில்தான் என்னை உட்கார வைத்தாள். ஒன்றேகால் மணி நேரம் கையுறை ஏமாந்தது. விழுகிறவரைப் பிடிக்க எந்தக் கை என்று மட்டும் அம்மா சொல்லித் தரவில்லை.

ஆட்டத்தின் நடுவில் ஹென்ரிக் ஒருமுறை ஜன்னலைப் பார்த்து, “இப்போது பறவை வரும்,” என்றார். அவர் பேசுவதைத் தூரக்கை செய்தி வாசிக்கிற தமிழில் மாற்றித்தான் என் காதில் போடும். சொன்ன மாதிரியே ஒரு கறுப்புப் பறவை வந்து வேலியின் மூன்றாவது பலகையில் உட்கார்ந்தது. ஊசியிலை மரக் கிளையில் இருந்து ஒரு கட்டிப் பனி பொத்தென்று விழுந்தது. பறவை இடப்பக்கமாகப் பறந்துபோனது. பாவம், நாள் முழுக்க ஜன்னலையே பார்க்கிற மனிதர், பறவையின் பழக்கம்கூட மனப்பாடம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் குழியில் இருந்த கொட்டைகளை அள்ளி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் ஹென்ரிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் சரிந்தார்.

அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயிலைப் பார்த்தார். பிறகு தூரக்கையின் கண்களைப் பார்த்தார்.

“நீ எஸ்தர் அல்ல,” என்றார். அம்மா பெயர் அது. “எஸ்தர் என்னை வெற்றி பெற விடுவதற்கு முன் சற்று நேரம் யோசிப்பார். அஞ்ச வேண்டாம். வெளியே இருப்பது எனக்கு முன்பே தெரியும்.”

ஜன்னலில் உள்ளங்கையை வைத்தார். “கண்ணாடி சூடாக இருக்கிறது. ஒவ்வொரு மதியமும் சூடாக இருக்கிறது. என் நாட்டில் கண்ணாடி இப்படி இருக்காது.”

தூரக்கையின் விரல்களுக்குச் சூடு தெரியாது. அது தெரிகிற கையின் விலை இரண்டு மடங்கு என்பதால் இந்த உடன்படிக்கையில் அது இல்லை. நானும் கையை வைத்துப் பார்த்தேன். ரப்பர் கண்ணாடியில் அழுந்தியது. வேறொன்றும் தெரியவில்லை.

அவர் மெதுவாகப் பேசினார். வாலிபத்தில் சென்னையில் அவர் நாட்டு விசா அலுவலகத்தில் நாலு வருடம் இருந்தாராம். இந்த வெயிலை அவருக்குத் தெரியுமாம். கூண்டுக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாராம். வேலை முடிந்ததும் உங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடுவீர்களா? பதில் பிடிக்காவிட்டால் முத்திரை கிடையாது.

“இங்கு அனுப்புவதற்காக ஊசி போட்டு என்னை உறக்கப் பெட்டியில் படுக்க வைத்தபோது அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை,” என்றார். “என் மகளிடம் கூறிவிடாதே. ஏரிக்கரை இல்லத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்.”

எனக்கு எல்லாம் சேர்ந்து புரிய ஆரம்பித்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, நாற்கரச் சாலை ஓரம், ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கு என்று பலகை மாட்டியிருக்கும். பள்ளித் தொட்டியில் மீனுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தபோது அந்தக் கட்டடத்தின் சுவர் நெடுகக் கறுப்புக் கண்ணாடிகள் பளபளத்தன. சூரியத் தகடு என்று நினைத்தோம். ஐரோப்பாவில் வயசானவர்களைச் சூடாக வைத்திருக்க ஆகும் செலவைவிட இங்கே கொண்டுவந்து பனியைக் காட்டுகிற செலவு குறைவு போலிருக்கிறது. கிழவர்களை நாடு கடத்தினார்கள் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. உள்ளூர் வேலைக்கு உள்ளூர்ச் சம்பளம் போதும் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. அம்மா நாலு வருடம் எட்டு மாதமாகப் போய்வருகிற ஐரோப்பாவுக்கு எங்கள் வீட்டில் இருந்து மினி பஸ்ஸில் போகலாம்.

அப்போது கையுறை இறுகியது.

அசைவு ரேகை பொருந்தவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. நான் அனுமதியில்லாமல் ஐரோப்பிய எல்லைக்குள் நுழைந்திருப்பதாகவும், விசாரணை முடியும் வரை இரண்டு கைகளும் தடுப்புக் காவலில் இருக்கும் என்றும் அதே குரலில் சொன்னது. மணிக்கட்டில் வளையம் பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியில் படம் இருண்டது. ஹென்ரிக் போய்விட்டார். மூக்கில் வியர்வை ஊறியது, அதைத் துடைக்கக்கூட முடியவில்லை. என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் கைகள் மட்டும் வேறு நாட்டில் கைதாகியிருந்தன.

நடுவில் பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை வந்து வாசல் கதவைத் தட்டினாள். அவளுடைய மகள் யமுனா அக்காவுக்கு இரண்டு வருடம் முன்னால் உடல் விசா கிடைத்தது. எங்கள் தெருவில் உடம்போடு போன ஒரே ஆள். மூச்சுவிடாமல் இருந்தேன். அத்தை ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை உள்ளே போட்டாள்.

“எங்க போனாளுவ எல்லாரும்? ஏ பெனி, யமுனா சாக்லேட் அனுப்பிருக்கா. முந்தாநேத்துதான் அங்க போட்டாளாம், இன்னைக்கு வந்துட்டு. காலம் எப்பிடிப் போவுது பாரு.”

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு ஒரு ஆள் பேசினார். நல்லெண்ணத் துறையின் இணைப்பு அதிகாரி, பெயர் கூடலிங்கம் என்றார். திருநெல்வேலிக்காரர்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தவே இல்லை. அப்பாவுக்கு வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ், எந்த ஆஸ்பத்திரி, நான் என்ன படிக்கிறேன் என்றெல்லாம் விசாரித்தார். அடுத்த வாரம் உடன்படிக்கையைப் புதுப்பிக்க அங்கிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றும், அந்த நேரத்தில் இப்படி ஒரு கோப்பு மேலே போனால் பதினொரு வீட்டுக்கும் கஷ்டம் என்றும் சொன்னார். நானாக வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

“சார், அது எங்க ஸ்கூல் டேங்க் சார். அந்த மீனு நான் வரஞ்சது.”



“பாப்பா, அங்க மைனஸ் முப்பது,” என்றார் கூடலிங்கம். “பெரியவருக்கு வயசாயிட்டு, ஏதாச்சும் பேசுவாரு. நீ சின்னப்பிள்ள, பயந்துருக்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. ஜன்னலுக்கு வெளிய என்ன பாத்த?”

அப்பா நினைவுக்கு வந்தார். இந்நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருக்கும்.

“பனி சார்,” என்றேன்.

“அம்புட்டுதான். இன்னைக்கு அறைக்கு வந்தது ஒங்க அம்மா. விழப்போனவரப் பிடிச்சதும் ஒங்க அம்மா. நான் சொல்லும்போது கையெழுத்துப் போடு. வலது கையில போடணும், என்ன?”

வலது கையுறை மட்டும் தளர்ந்தது, அம்மாவின் கையெழுத்தை அந்தக் கையால் காற்றில் போட்டேன். வளையம் கழன்றது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக இரண்டு கோடு விழுந்திருந்தது. அவர் பேச்சை முடிக்கப் போனார், பிறகு நினைவு வந்தவர் போல ஒன்று சொன்னார்.

“ஒனக்கு ஐரோப்பா போகணும்னு ஆசைதானே பாப்பா? நாலு மாசம் எதுக்குக் காத்துக் கெடக்கணும். நான் பேசுதேன்.”

ஏழு மணிக்கு அம்மாவின் போனில் செய்தி வந்தது. நல்லெண்ணச் சலுகையாக அவளுடைய சேவைக் காலம் ஐந்து வருடமாகக் கருதப்படுகிறது. பெனிட்டாவுக்கு உடல் விசா. வியாழக்கிழமை இரவு மதுரை விமான நிலையம். வழக்கம் போல உறக்கப் பயணம். இப்போதெல்லாம் தூரப் பயணம் போகிற எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். பெட்டியில் படுத்தால் ஊசி போடுவார்கள். கண் விழித்தால் ஊர் வந்திருக்கும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் முழங்கால் போட்டு ஜெபித்தாள். அப்பா அழுதார். அடுத்த பத்து நிமிடத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாளைக்குக் கேக் வெட்டப் போகிறார்கள். எனக்கு ஸ்வெட்டர் வாங்க அம்மா ஜங்ஷனுக்குப் போகிறாள்.

படுக்கும்போது கேட்டேன். “அம்மா, அந்த ஜன்னல் கண்ணாடிய என்னைக்காவது தொட்டுப் பாத்திருக்கியா?”

“தொட்டாலும் தூரக்கைக்குச் சூடு குளிர் தெரியாதுலா,” என்றாள். “அவருதான் எப்பவும் கைய அதுமேல வச்சிட்டே இருப்பாரு. ஊரு நெனப்பு, பாவம்.” போர்வையை இழுத்து என் மேல் போட்டுவிட்டு, “அங்க ரொம்பக் குளிருமாம், பழகிக்கோ,” என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அம்மா நாளையில் இருந்து உள்ளூர் வேலைக்காரி. அந்தச் சம்பளத்தில் அப்பாவுக்கு வாரம் ஒரு தடவைகூட ரத்தம் சுத்தம் செய்ய முடியாது. சொல்லாவிட்டால் வியாழக்கிழமை ராத்திரி நான் அந்தப் பெட்டியில் படுக்க வேண்டும். மீனைப் பார்த்தவளை அவர்கள் எங்கே கொண்டுபோய் எழுப்புவார்கள்?

யமுனா அக்காவை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள் நிஜமாகவே போயிருக்கிறாளே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படத்தில் வந்து பேசுகிறாள். குண்டாகக்கூட ஆகிவிட்டாள். வெளியே போக அனுமதி இல்லை, புதிதாக வருகிறவர்கள் குளிருக்குப் பழக ஆறு வருடம் ஆகுமாம். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள். பாக்கியம் அத்தை ஒவ்வொரு பேச்சையும் சேமித்துத் தெருக்குழுவில் போட்டுவைப்பாள். தைரியத்துக்காக, போன வாரத்துப் பேச்சைச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன்.

அக்கா ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறாள். பின்னால் பனி பெய்கிறது. புதுக் கம்மல் போட்டிருக்கிறாள், அதைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பறவை வந்து வேலியின் மூன்றாவது பலகையில் உட்காருகிறது. கிளையில் இருந்து ஒரு கட்டிப் பனி விழுகிறது. பறவை இடப்பக்கமாகப் பறந்துபோகிறது.

ஏழு தடவை பார்த்துவிட்டேன்.

ஒரு மணிக்கு அக்காவுக்கு எழுதினேன். தூங்குறீங்களா என்று கேட்டேன், இல்லை என்று உடனே பதில் வந்தது. வாழ்த்துச் சொல்லி நாலு பூ போட்டிருந்தாள். உனக்கும் கெடச்சிட்டாமே, அம்மா சொன்னா என்று எழுதியிருந்தாள். அக்கா ஒரே ஒரு உதவி, உங்க ஜன்னல் கண்ணாடிய நாளைக்கு மத்தியானம் தொட்டுப் பாத்துச் சூடா இருக்கா சில்லுன்னு இருக்கான்னு சொல்லுங்க என்று கேட்டேன்.

படித்துவிட்டாள். நீலக் குறி விழுந்துவிட்டது. எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுகிறார் என்று காட்டியது. நாளைக்குத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றுகூட எழுதவில்லை. நான் இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன், அவள் இன்னும் எழுதுவதும் அழிப்பதுமாகவே இருக்கிறாள்.

இரண்டு வருடமாக அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுகிறவள், ஒரு கண்ணாடி சூடா இல்லையா என்று சொல்ல ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள்?